மாசிக் குழம்புக்கும் கழிவு போட்ட கங்காணி

கடவுளே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து மடுவத்தில் வந்து நின்றிருந்தாலும், கழிவுக் கங்காணி தயங்காமல் அவரைத் தராசுப் பக்கம் அழைத்து, முள்ளை உற்றுப் பார்த்து, "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிருக்கேன் சாமி. அடுத்த ஆளு வாங்க" என்றுதான் சொல்லியிருப்பார். நான் அறிந்த மனிதர்களுள், இந்த உலகத்தில் ஏதேனும் ஒன்று முழுமையாக இருக்கிறது என்று ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாதவர் அவர் ஒருவரே.

பெல்மதுளையிலிருந்து மேலேறும் பாதையில், தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கும் தோட்டம் எங்களுடையது. பெண்கள் பறித்து வரும் கொழுந்தை நிறுக்கும் தகரக் கூரைக் கொட்டகையை மடுவம் என்போம். கூடையின் பாரத்துக்கும் இலையில் ஒட்டிய நீருக்குமாக நிறையில் ஒரு பங்கைக் குறைப்பது அங்கே வழக்கம். அதற்குக் கழிவு என்று பெயர். எல்லாத் தோட்டங்களிலும் கழிப்பார்கள். எங்கள் கங்காணி அதை ஒரு வேலையாகச் செய்யவில்லை; விரதமாக அனுட்டித்தார்.

"கங்காணி, மழை பேஞ்சு ஒரு வாரமாச்சு. இதுல என்னா ஈரம்?" என்று யாராவது கேட்பார்கள்.

"பனி."

"உச்சி வெயில்லயா?"

"வேர்வை."

"வேர்வை எங்க ஒடம்புலதானே இருக்கு. கொழுந்துலயா இருக்கு?"

"கொழுந்த எதால எடுத்தீங்க? கையாலதானே?"

"நாளைக்கு மூச்சு விடாம எடுக்கிறோம் கங்காணி. மூச்சுலயும் ஈரம் இருக்குமில்ல?"

"இருக்கும்" என்பார். கேலி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதில் ஒரு நியாயம் இருப்பதாகவும் அவருக்குத் தோன்றிவிடும். அதன் பிறகு இரண்டு நாட்களுக்குப் பெண்கள் அவர் முன்னால் பெருமூச்சு விடவும் அஞ்சினார்கள்.

அந்த வரிசையில் அவருடைய மனைவி மகேஸ்வரி அத்தையும் நிற்பார். உறவால் அத்தை அல்ல. தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் அத்தை. அவருடைய முறை வரும்போது கங்காணி மற்றவர்களுக்குக் கழிப்பதைவிட ஒரு கிலோ அதிகமாகக் கழிப்பார். வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டினார் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதாம். அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்வார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அது சிரிப்பதற்குரிய விடயம் என்றே அக்காலத்தில் எல்லோரும் நினைத்தோம்.

தராசை விட்டு வெளியே வந்த பிறகும் கங்காணியின் கண்ணுக்குள் ஒரு முள் ஆடிக்கொண்டே இருந்தது. பெல்மதுளைப் பக்கம் யாரோ மாணிக்கக் குழியில் எடுத்த நீலக் கல்லைக் காட்டினால், "கல்லு சரி. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சோம்பல் தெரியுது" என்பார். தோட்டத்தில் ஒருவருடைய தந்தை இறந்து, கருமாதிச் சாப்பாடு நடந்தது. கங்காணி மூன்றாவது முறை சோறு வாங்கிக் குழம்பு ஊற்றி, பிசைந்து, வாயில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, "என்னமோ கொறையுது" என்றார்.

இறந்தவரின் மகன் பரிமாறியபடியே நிமிர்ந்து பார்த்தான். "எங்கப்பா கொறையிறாரு கங்காணி" என்றான்.

கங்காணி இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார். "அதில்ல. கொழம்புல" என்றார்.

அந்தக் குழம்பை ஆக்கியவர் மகேஸ்வரி அத்தை. இங்கே அத்தையின் கையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. தோட்டத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், ஐயரிடம் நாள் கேட்பதற்கு முன்பு அத்தையிடம் நாள் கேட்பார்கள். அவருடைய வித்தை மாசியில் இருந்தது. மாலைதீவிலிருந்து வரும், விறகுபோல் காய்ந்த சூரை மீன் அது. சிங்களத்தில் உம்பலகட என்பார்கள். அத்தை அதை உரலில் இடித்து, வறுத்த தேங்காயோடும் நன்கு பழுத்த தக்காளியோடும் சேர்த்துக் குழம்பு கூட்டினால், முதல் கவளத்திலேயே பேச்சு நின்றுவிடும். கத்தரிக்காய் தன்னை இறைச்சி என்று எண்ணிக்கொள்ளும். தட்டு காலியான பிறகும் விரல்கள் எழுந்திருக்க மறுக்கும்.

அது என்ன ருசி என்று மட்டும் எங்களால் சொல்ல முடியவில்லை. சுவை ஆறு என்று எண்ணி வைத்த நம் முன்னோர், இந்த ஒன்றைப் பெயரிடாமலே உண்டு மகிழ்ந்து போய்விட்டார்கள். நாங்களும் "நாக்குல ஒட்டுது", "அடியில நின்னு இழுக்குது" என்று சுற்றி வளைத்துப் பேசினோம். கங்காணிக்குச் சுற்றி வளைப்பது பிடிக்காது.

"உப்பு இருக்கு. புளி இருக்கு. ஒறப்பு இருக்கு. மத்தது எங்க?" என்று நாள்தோறும் தட்டைக் காட்டிக் கேட்பார்.

"மத்தது எது?" என்பார் அத்தை.

"ஊரெல்லாம் சொல்லுதே, அது."

அத்தை மறுநாள் மாசியைக் கூட்டுவார். குறை நீங்காது. இன்னும் கூட்டுவார். கடைசியில் எங்கள் லயத்துப் பூனைகள் எல்லாம், பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் ஆட்களைப்போல், அந்த வீட்டு வாசலில் வரிசையாக நிற்கத் தொடங்கின. பூனைகளுக்குத் தெரிந்தது கங்காணிக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் நியாயம் கேட்டு பெல்மதுளைக்கே போய்விட்டார். மாசி விற்கும் முஸ்லிம் வியாபாரியான நானாவின் கடையில் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, "நானா, ஒளிக்காமச் சொல்லுங்க. இது மீனா, மரமா?" என்றார்.

நானா பொறுமையான மனிதர். "மாலைதீவுச் சரக்கு கங்காணி. சும்மா ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்களே."

கங்காணி மென்றார். பக்கத்தில் சாமான் வாங்க நின்ற சிங்களப் பெண்மணியிடம், தம்முடைய சரளமான சிங்களத்தில், இதில் ஏதாவது ருசி இருக்கிறதா என்று விசாரித்தார். "உம்பலகட நெதுவ மொன ரஹத மஹத்தயா" என்றார் அந்தப் பெண்மணி. மாசி இல்லாமல் ஏது ருசி என்பது பொருள். கங்காணி மென்றுகொண்டே பேருந்தில் ஏறினார், மென்றுகொண்டே இறங்கினார். லயத்து வாசலில் நின்று, "மரந்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். இந்த நாட்டில் எல்லா இனங்களும் ஒற்றுமையாகச் செய்யும் ஒரே காரியம் மாசியைப் பற்றிப் பொய் சொல்வதுதான் என்ற முடிவுக்கு அவர் வந்தது அன்றைக்குத்தான்.

இதுவரை எழுதியதில் சிரிக்க இடமிருக்கிறது. இனி எழுதப்போவதில் அவ்வளவு இல்லை.

அவர்களுடைய ஒரே மகள் சாந்தினி அக்காவுக்கு அரநாயக்கவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வந்தார்கள். அத்தை விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று ஆக்கினார். பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கி, "சம்பந்தி, இப்பிடி ஒரு கொழம்ப நாங்க எங்கயும் சாப்பிட்டதில்ல" என்றார்.

"சொல்லுவீங்க" என்றார் கங்காணி. "கல்யாணம் கட்டுன நாள்லேருந்து தின்னுக்கிட்டு வர்றவன் நான். எதுக்கும் கொஞ்சம் கழிச்சே கணக்குல எடுத்துக்குங்க. பொண்ணுக்கும் அவ அம்மா கைதான்."

பந்தி முழுவதும் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. அத்தை அகப்பையோடு கதவடியில் நின்றிருந்தார். அவர் உள்ளே போய், சட்டியை மூடி, அகப்பையை அதன் மேல் குறுக்கே வைத்தார். நான் கண்டது அவ்வளவே.

கல்யாணம் குறைவின்றி நடந்தது. அது முடிந்த வாரத்தில் அத்தை ஒரு பையில் சேலைகளை எடுத்துக்கொண்டு ரம்புக்கனைக்குப் புறப்பட்டார். அங்கே புகையிரத நிலையத்துக்கு எதிரே அவருடைய தம்பி ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். போகும்போது என் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"அவரு என்ன அடிச்சதில்ல அக்கா. குடிச்சதில்ல. அதனால யாருகிட்டயும் சொல்லி அழக்கூட எனக்கு வழியில்லாமப் போச்சு. கழிச்சுக் கழிச்சு என்ன ஒண்ணுமில்லாம ஆக்கிட்டாரு."

அதன் பின்னர் கங்காணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அத்தை திரும்பி வர வேண்டும். அது தோட்டம் முழுவதற்கும் தெரியும். வாயைத் திறந்து அழைப்பதற்கு மட்டும் அவரால் முடியவில்லை. யாராவது பேச்செடுத்தால், "நான் என்னா பொய்யா சொன்னேன்? கொற இருந்துச்சு, சொன்னேன்" என்பார். அத்தையோ அங்கே வளர்ந்துகொண்டிருந்தார். மலையேறுவதற்கு முன் புகையிரதம் நிற்கும் ஊர் அது. கண்டிக்குப் போகிறவர்கள் அந்தக் கடைச் சோற்றுப் பார்சலுக்காகவே பெட்டியிலிருந்து இறங்கி ஓடுகிறார்கள் என்று செய்தி வந்தது. பார்சலில் மாசிச் சம்பல் என்னும் துவையல் ஒரு தேக்கரண்டி இருந்தது.

தனித்திருந்த கங்காணி தாமே ஆக்கிச் சாப்பிட்டார். ஒரு மாலையில் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் நீட்டினார். "சும்மா ஒரு வாய் பாருங்க. எப்பிடி இருக்கு?"

அம்மா பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க கங்காணி. சுடுதண்ணியில மஞ்சத்தூள் போட்ட மாதிரி இருக்குங்க. மாசி போட்டீங்களா?"

"அது எதுக்கு? அவ ஆக்குனதும் இப்பிடித்தானே இருக்கும்."

"இல்லீங்க."

"வித்தியாசம் இருக்கா?"

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

அவர் கிண்ணத்தை வாங்கித் தாமும் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல. வழி தவறியவர் வழி கேட்கும் குரலில். தராசு பொய் சொல்கிறதோ என்ற ஐயம் அவருக்கு முதன்முறையாக எழுந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் பஸ்லியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் உணவு விஞ்ஞானம் படிப்பவள், ரம்புக்கனைக்காரி. நான் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் அவள் ஒரு பக்கம் பேசி முடித்திருப்பாள். கங்காணியின் கதையைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஸ்டேஷன் கடை ஆன்ட்டிட மாசிச் சம்பலயா சப்பெண்டு சொன்னாரு? அந்த மனுசன நான் பாக்கோணும்."

பார்த்தாள். கங்காணி கிண்ணத்தின் கதையை அவளிடமும் சொன்னார். அவளுடைய முகத்தில் கேலி மறைந்தது.

"அங்கிள், கோவிக்க வாணாம். ஒரு சின்னச் சோதனை செஞ்சி பாப்பமா?"

"ரெத்தம் எடுப்பீங்களா?"

"ரெண்டு கிளாஸ் தண்ணி. குடிச்சிட்டு வித்தியாசம் சொன்னாப் போதும்."

"அம்புட்டுத்தானா? நான் தராசு புடிச்ச ஆளும்மா."

பஸ்லியா எங்கள் அடுப்படிக்குள் போய், ஒரு குவளைத் தண்ணீரில் சாதாரண உப்பையும் மற்றதில் கொத்துரொட்டிக் கடைகளில் தூவும் வெள்ளைச் சுவைத்தூளையும், இரண்டும் ஒரே அளவு உப்பாகத் தெரியும்படி கரைத்தாள். அதற்குள் செய்தி பரவி, கொழுந்தெடுக்கும் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "இன்னிக்குக் கங்காணிய நிறுக்கிறாங்களாம்" என்று ஒருவருக்கொருவர் அறிவித்தார்கள். தங்களுக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து, அவர்களே முதலில் குடித்தார்கள்.

"இது வெறும் உப்பு. அது கோழி அவிச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"கோழியா? கருவாட்டுச் சட்டிய கழுவி ஊத்துன மாதிரி இருக்கு."

"எப்பிடியோ, நாக்கு முழுக்கப் பரவுது. இன்னொரு வாய் குடு பாப்பம்."

கங்காணி குடித்தார். இரண்டையும் குடித்தார். குவளைகளை இடம் மாற்றி வைக்கச் சொல்லி மறுபடியும் குடித்தார். கண்ணை மூடினார். 

"ரெண்டும் உப்புத் தண்ணி" என்றார்.

'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்னும் தன் வீட்டுப் பேச்சில் பஸ்லியா விளக்கினாள். "நம்மட நாக்குல ருசிக்கெண்டு சின்னச் சின்னப் பூட்டு மாதிரி ஈக்கி அங்கிள். இனிப்புக்கு ஒண்டு, கசப்புக்கு ஒண்டு. மாசி, கருவாடு, எறைச்சி, காளான், பழுத்த தக்காளி இதுக்கெல்லாம் பொதுவா ஒரு ருசி ஈக்கி. அதுக்கும் ஒரு பூட்டு. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி செஞ்சி வரல்ல. தாய் தகப்பன்ட இருந்து வாறது. சில பேருக்கு லேசாத் தொறக்கும், சில பேருக்கு அரைவாசி. எங்கயாவது ஒருத்தருக்கு, சாவி போட்டாலும் தொறக்காது. ஒங்களுக்கு அப்பிடித்தான் இருக்கோணும். நான் வீட்டுல வெச்சிச் செஞ்சது, கட்டாயம் அதுதானெண்டு சொல்ல ஏலாது. ஆனா அப்பிடித்தான் தெரியுது."

"அந்த ருசிக்கு என்னா பேரு?"

"உமாமி. ஜப்பான்காரர் வெச்ச பேரு."

"என் வீட்டுக் கொழம்புல இருந்ததுக்கு ஜப்பான்லேருந்தா பேரு வரணும்?" என்று வியந்தார் கங்காணி. பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "அப்ப, பொறப்புலயே வந்தது?"

"ஓம்."

"எங்கப்பன் ஆத்தா குடுத்தது?"

"ஓம் அங்கிள்."

"அப்ப எம்மேல தப்பில்ல."

அவ்வளவு மகிழ்ச்சியோடு அவரை நாங்கள் கண்டதேயில்லை. உடனே பஸ்லியாவைப் பிடித்துக்கொண்டார். லயத்துக்கு மேலேயுள்ள பாறையில் ஏறினால்தான் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும். அங்கே போய் ரம்புக்கனைக்கு ஓர் அழைப்பு எடுக்க வேண்டும். பஸ்லியா பேச வேண்டும். "படிச்ச புள்ள நீங்க சொன்னா நம்புவா. நாக்குக்குத்தான் கோளாறு, ஆளுக்கு இல்லன்னு சொல்லுங்க. அப்பறம் வராம இருக்க அவளுக்கு என்னா காரணம் இருக்கு?" சொல்லிக்கொண்டே விளக்குமாற்றைத் தேடினார். வீட்டைப் பெருக்க வேண்டுமாம்.

அன்று மதியமே சாந்தினி அக்காவும் வந்திருந்தார். ரம்புக்கனைக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு, ஒரு போத்தலில் சம்பலும் வாங்கிக்கொண்டு வந்தவர், இவ்வளவு நேரமும் வாசல் ஓரத்தில் நின்றிருந்தார். "சாந்தினி மட்டும் குடிக்கலியே" என்று யாரோ சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார். பெண்கள் விடவில்லை. குவளைகளைக் கையில் திணித்தார்கள்.

அவர் ஒன்றைக் குடித்தார். மற்றதைக் குடித்தார். "எனக்கும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தீங்களா, பரம்பரை" என்று பஸ்லியா கைதட்டினாள். எல்லோரையும்விட உரத்துச் சிரித்தவர் கங்காணி. "எம் பொண்ணு. என் நாக்கு. அவ அம்மா கைன்னு சொன்னேனே, நாக்கு என்னுது" என்று விளக்குமாற்றை உயர்த்திக் காட்டினார். பெண்களும் சிரித்தார்கள்.

பிறகு அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. விளக்குமாறு இறங்கியது.

"ஏன் சாந்தினி, அப்ப ஒனக்கும் அது தெரியாதா? சின்னப் புள்ளையிலேருந்தா?"

"தெரியாதுப்பா."

"அம்மா ஆக்குனா தெனமும் நல்லாருக்கும்மா, நல்லாருக்கும்மான்னு சொல்லுவியே. என் பக்கத்துல ஒக்காந்து, ஒரே சட்டியில தின்னுட்டு."

"ஆமா."

"ருசி தெரியாமயா சொன்ன?"

சாந்தினி அக்கா குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். "மலையில நின்னுட்டு வந்து, ஈரச் சேலைய மாத்தாம அடுப்புல நிப்பாங்க. ருசியப் பத்தி யாருப்பா யோசிச்சா?" என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஒருவராவது ஒரு கேலி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் படியில் உட்கார்ந்து விளக்குமாற்றின் ஈர்க்குகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பஸ்லியா அந்தக் குவளைகளை வாங்கிக் கழுவப் போனாள். அவளுடைய விஞ்ஞானத்தில் பிழையில்லை. ஆனால் அது கங்காணிக்குக் கொடுத்த மன்னிப்பை, அதே நாக்கோடு பிறந்த மகள் ஒரே நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். அப்படிச் செய்கிறோம் என்று எண்ணாமலே.

இருந்தும் பாறைக்குப் போனோம். சாந்தினி அக்கா எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பஸ்லியா முன்னால் வந்தாள். கங்காணி வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுத் தொலைபேசியைத் தாமே வாங்கினார்.

"யாரு?" என்றார் அத்தை. பின்னால் பாத்திரச் சத்தம்.

"நாந்தான்."

 "சாந்தினி வந்தாளா? சம்பல் குடுத்து விட்டேனே."

"வந்துச்சு. தின்னேன்."

"எத்தன கிலோ கழிச்சீங்க?"

அவர் மலையைப் பார்த்தார். "மகேசு, எனக்கு அந்த ருசி தெரியாதாம். பொறந்ததுலேருந்தே தெரியாதாம். இங்க ஒரு படிச்ச புள்ள சோதிச்சுப் பாத்துச் சொல்லுச்சு."

"அதுக்கு?"

இந்த இடத்துக்காகத்தான் அவர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். தம் மேல் தப்பில்லை என்பதைச் சொல்ல வேண்டிய இடம் இதுவே.

"அதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "ஊரே நல்லாருக்குன்னு சொல்லுச்சு. நான் நம்பியிருக்கலாம்."

மறுமுனையில் ஒரு பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் குரல் வந்தது. "ரயில் வர்ற நேரம். கடையில ஆளு நிக்குது. வைக்கிறேன்." வைத்துவிட்டார்.

அத்தை திரும்பி வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மடுவத்துக்கு வந்த புதியவரும் கழிக்கத்தான் செய்கிறார். ஆனால் பனி, வேர்வை, மூச்சு என்று காரணம் சொல்லும் கலை அவருக்கு வாய்க்கவில்லை. பெண்களே குறைப்படுகிறார்கள்.

சென்ற மாதம் பஸ்லியாவின் வீட்டுக்குப் போனபோது, இருவருமாக ஸ்டேஷன் கடைக்குச் சாப்பிடப் போனோம். கடையின் பின்பக்கத்தில், வாங்குப் பலகையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார் கழிவுக் கங்காணி. வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் புறப்பட்டு, மூன்று பேருந்து மாறி இங்கே வருவாராம். யாரும் வரச் சொல்லவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. துருவுவார், வெங்காயம் உரிப்பார், மேசை துடைப்பார், மாலையில் போய்விடுவார்.

கொழும்பிலிருந்து வந்த பயணி ஒருவர் பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டு, "சம்பல் எப்படி, நல்லா இருக்குமா?" என்று அவரிடம் கேட்டார்.

"அவருகிட்டக் கேக்காதீங்க. அவருக்கு ருசி தெரியாது" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"தெரியாதுங்க" என்று கங்காணி பணிவாக ஒப்புக்கொண்டார். "ஆனா இவங்க ஆக்குனா நல்லாத்தான் இருக்கும். எடுத்துக்கிட்டுப் போங்க."

அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.  மதியம் எல்லோருக்கும் வைக்கும் தட்டில், எல்லோருக்கும் ஊற்றும் அளவு குழம்பு ஊற்றி, அவருக்கும் வைத்தார். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அத்தை ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். மேசையில் வேறு யாருக்கும் அவர் அப்படி நிற்கவில்லை.

மாலையில் கங்காணி கையைக் கழுவி, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "வர்றேன்" என்றார். அத்தை "ம்" என்றார். அவர் தெருவைக் கடந்து, கேகாலைப் பேருந்து நிற்கும் இடத்தில் போய் நின்றார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். அழைக்கவில்லை. உள்ளே திரும்பிப் போகவும் இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு சிறிய தெருவின் அகலம் மட்டும் இருந்தது. பேருந்து வருகிறதா என்று பஸ்லியா வளைவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அன்று ஒரு மாலைக்கு மட்டும் அது எவ்வளவு தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்று நான் வேண்டிக்கொண்டேன்.